கையெழுத்துப் போடாதீங்க என்று சொன்னேன்

"கேஸு எல்லாம் வேணாம், குடுக்கிறதை வாங்கிக்கிட்டு முடிச்சுக்கிடலாம்னு வீட்டுல சொல்றாங்க. நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அந்தத் தம்பி என்னிடம் கேட்டது இது. உள்ளே கால் எலும்பு முறிந்து கிடந்தவர் அவருடைய அண்ணன். இடித்தது எங்கள் லாரி. லாரி ஆபீஸ் மேனேஜரான என் பையில் முதலாளி கொடுத்தனுப்பிய பணமும், கேஸ் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கவேண்டிய பேப்பரும் இருந்தன.

"இப்பப் போடாதீங்க தம்பி" என்றேன்.

நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் புண் ஆறுமா, மறுபடி ஆபரேஷன் வருமா, எத்தனை மாசம் சம்பளம் போகும் என்று முதல் வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, பெர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் எல்லாமே நடப்பில் இருந்தன. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் உயிருக்கும் காயத்துக்குமான இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. முதலாளி பாக்கெட்டிலிருந்து போகப்போவதில்லை. பிறகு எதற்கு அந்தப் பேப்பர்? பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை வண்டி ஸ்டேஷனிலேயே நிற்கும், லோடு கைவிட்டுப் போகும் என்கிற பதற்றம்தான்.

அதனால் அந்தத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகார் எழுதிக் கொடுங்கள், எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டுக் காப்பி கேளுங்கள், மெடிக்கல் ஷாப் சீட்டைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள், 2022 ஏப்ரலில் வந்த திருத்தப்படி ஆறு மாசத்துக்குள் இழப்பீட்டு மனு போடவேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

அவர் புகார் கொடுத்தார். எங்கள் டிரைவர் மேல் பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 பிரிவுகளில் வழக்கு.

ஜாமீனில் வந்து ஆபீஸுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை. "நீங்க யாருக்குண்ணே மேனேஜரு?" என்று மட்டும் கேட்டார்.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. ஊர்க்காரர்கள் அடித்துவிடுவார்கள் என்று வண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் ஓடவில்லை. 108-க்குப் போன் போட்டதே இவர்தான். காயம்பட்டவரை ஏற்றிவிட்டு, தானே ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். நான்குவழிச்சாலை நடுத்தடுப்பு இடைவெளியில் பைக் எதிர்த்திசையில் ஏறி வந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம்.

நான் வாயே திறக்காவிட்டாலும் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கும், வழக்கு எப்படியும் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பேப்பரில் கையெழுத்து விழுந்திருந்தால் 'பைக் தானாகச் சறுக்கியது' என்று வாக்குமூலம் கொடுத்து முடித்திருப்பார்கள், இந்த லைனில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். அப்போது டிரைவர் தப்பித்திருப்பார். கால் முறிந்தவர் வீட்டில் அந்தப் பணம் தீபாவளி வரைக்கும்கூட வந்திருக்காது.

சரி, ரெண்டு பேருக்கும் நல்லதாக ஒரு பதில் அன்றைக்கு இருந்ததா? அந்தத் தம்பி மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று தோன்றுகிறது, டிரைவர் முகத்தைப் பார்க்கிறபோது மட்டும் அவ்வளவு உறுதியாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டுக்குப் போவதால் ஒரு டிரிப் படியை அவர் இழக்கிறார். அதை ஆபீஸ் கணக்கில் கொடுக்கவேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். "கேஸு வரவச்சது நீதானே, நீயே குடு" என்கிறார். நான் விடப்போவதில்லை.