குன்னூரிலிருந்து ஹெப்ரிடீஸுக்கு: மழைக்கால சைக்கிள் நாட்குறிப்பு

ஜூன் 14, சனி

டிக்கெட் போட்டாயிற்று. செப்டம்பரில் கிளம்புகிறோம், நானும் அக்கா மகனும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் வரிசையாகக் கிடக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகள். தெற்கே வாட்டர்சேயில் சைக்கிளை எடுத்தால் வடக்கே லூயிஸ் தீவு முனையில் உள்ள கலங்கரை விளக்கம் வரை 297 கிலோமீட்டர். வழியில் பத்துத் தீவுகள். சில தீவுகளுக்கு நடுவே கடலில் கல் கொட்டி ரோடு போட்டிருக்கிறார்கள். அது இல்லாத இரண்டு இடத்தில் கப்பல். சைக்கிளுக்குக் கப்பலில் கட்டணம் இல்லை என்பது கூடுதல் சந்தோஷம்.

பையன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் மலை ஏறுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. "மொத்தமே 297தானா சித்தி? கோத்தகிரிக்கு ரெண்டு தடவை ஏறி இறங்கினா பாதி முடிஞ்சிருச்சே" என்கிறான். அந்தத் தீவுகளில் மிக உயரமான மலை கிளிஷம். 799 மீட்டர். தொட்டபெட்டா 2,637. ரோடு கிளிஷத்தின் உச்சிக்குக்கூடப் போகாது, தோளோரமாகக் கடந்துவிடும். அவன் சிரிப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அங்கே போய்வந்தவர்கள் எழுதியதைப் படித்தால் ஏற்றத்தைப் பற்றி யாரும் புலம்பக் காணோம். எல்லோரும் புலம்புவது காற்றைப் பற்றி. அடுத்து மழை, அதற்கடுத்து பூட்டிக் கிடக்கும் கடை. இந்த மூன்றும் நமக்கும் உண்டு, ஜூன், ஜூலையில், நீலகிரி மலையின் மேற்குப் பக்கம். அதனால் இந்தப் பருவம் முழுக்க மேற்கேதான் ஓட்டுவது என்று சொல்லிவிட்டேன். அரைமனதாகச் சரி என்றான்.

ஜூன் 22, ஞாயிறு

அவன் மனசு நோகக்கூடாதே என்று மேட்டுப்பாளையம் – கோத்தகிரி. 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன். ரோட்டோரம் பழம் அடுக்கி வைத்திருந்தார்கள். பழ வாசனைக்கு யானையும் வரும் என்பதால் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்பினோம். அவன் முன்னால் போய் கோத்தகிரியில் இரண்டு டீ குடித்து முடித்திருந்தான்.

தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் அவ்வளவாக எட்டாது. மேற்கே குந்தாவில் கொட்டிக்கொண்டிருக்கும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கும். இங்கே மழை ஐப்பசியில்தான். நல்ல ரோடு, நல்ல ஏற்றம், நமக்கு உதவாது.

ஜூலை 6, ஞாயிறு

ஊட்டி – நடுவட்டம். இதை விரிவாக எழுத வேண்டும்.

தலைகுந்தா வரை ஒன்றும் தெரியவில்லை, இரண்டு பக்கமும் மரம். சாண்டிநல்லா தண்ணீரைத் தாண்டி சூட்டிங்மட்டத்துப் புல்வெளிக்கு வந்ததும் காற்று நேராக முகத்தில். தரை கிட்டத்தட்ட சமம், கியர் மட்டும் கோத்தகிரி ஏற்றத்தின் கியர். பையன் முதலில் முறைத்துக்கொண்டு மிதித்தான். ஒன்பதாவது மைல் வருவதற்குள் தலை தொங்கிவிட்டது. ஏற்றத்தில் அவனுக்கு ஒரு கணக்கு உண்டு. இன்னும் எத்தனை வளைவு, எத்தனை மைல்கல் என்று எண்ணிக்கொண்டே மூச்சைப் பிரித்துச் செலவழிப்பான். இதில் எண்ணுவதற்கு எதுவும் கிடையாது. எதிரே வரும் காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். முறைத்துக்கொண்டு மிதிப்பவனுக்குத்தான் நஷ்டம்.

பைக்காராவில் நிறுத்தி மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு முறை போட்டுக்கொண்டோம். கொஞ்ச தூரம் அவன் முன்னால், கொஞ்ச தூரம் நான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்று மறைந்து, உழைப்பில் கால்வாசியாவது மிச்சம். ஆனால் காற்று இடப்பக்கமாக அடிக்கும்போது அந்த மறைவு நேர் பின்னால் இருக்காது, வலப்பக்கம் சரிந்துவிடும். அதைத் தேடிப் போனால் ரோட்டு நடுவுக்கு வந்துவிடுவோம், எதிரே கூடலூர் லாரி. இது எங்கே கிடைக்கும், எங்கே ஆசைப்படக்கூடாது என்று பழகவே டி.ஆர். பஜார் வரை ஆயிற்று. இருபதுகளில் இருப்பவன் என் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தான் என்பதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திரும்பும்போது காற்று முதுகில். ஏற்றம் இருந்தும் போன நேரத்தைவிடச் சீக்கிரம் வந்தோம். ஹெப்ரிடீஸை எல்லோரும் தெற்கிலிருந்து வடக்கே ஓட்டுவதற்குக் காரணமும் இதுதான். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. வீட்டுக்கு வந்ததும் பையனே வரைபடத்தை விரித்து, ரோடு எங்கெங்கே மேற்கே திரும்புகிறது என்று பென்சிலால் கோடு போட ஆரம்பித்தான்.

ஜூலை 9, புதன்

பிரேக் பேட் தேய்ந்து தகடு தெரிகிறது. ஈர ரோட்டில் செம்மண்ணும் மணலும் சேர்ந்து அரத்தால் ராவியது போல ராவிவிட்டன. இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துப்போக வேண்டும். தீவில் சைக்கிள் கடையைத் தேடி அலைய முடியாது. செயினுக்கு மழைக்கான கெட்டி எண்ணெய்.

தொளதொள மழைக்கோட்டு பாய்மரம் மாதிரி விரிகிறது. தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடிக்கச் சொன்னேன். சைக்கிளுக்கா என்று மூன்று முறை கேட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

லவ்டேல், முத்தொரை பாலாடா, இத்தலார், எமரால்டு. பாலாடாவில் காரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் மழை விடவே இல்லை. இந்தப் பக்கத்து மழை விளையாட்டு இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இன்று சாதாரண மழைதான், ஆனால் கையுறை நனைந்துவிட்டால் விரல் பிரேக்கை உணர்வதில்லை. செப்டம்பரில் அங்கே பகலில் 14, 15 டிகிரி இருக்கும். மழைக்கால ஊட்டியில் ஒரு ஸ்வெட்டர் கூடப் போட்டுக்கொண்ட மாதிரி. கையுறை மூன்று ஜோடி, பிளாஸ்டிக் பைக்குள்.

எமரால்டுக்கு முன்னால் சோலை ஓரத்தில் ஒதுங்கி நின்றபோது சிரிப்பான் குருவிகள் கூட்டமாகக் கத்தின. நீலகிரி சிரிப்பான் இந்த மலையை விட்டுப் போகாது. கொடைக்கானல் பக்கம் இருப்பது பழனி சிரிப்பான், வேறு இனம். நடுவே பாலக்காட்டுக் கணவாய், முப்பது நாற்பது கிலோமீட்டர் தாழ்நிலம். சோலையில் பிறந்த குருவிக்கு அந்தச் சூடான தாழ்நிலமே கடல். பறவை ஆட்கள் இந்த உச்சிகளை வானத்துத் தீவு என்கிறார்கள். "அப்ப எதுக்கு சித்தி விசா, பேசாம இங்கயே சுத்தலாமே" என்றான். விசாவுக்குக் கட்டிய பணம் திரும்ப வராதே.

ஜூலை 26, சனி

குன்னூர் – மஞ்சூர். பாதி வழியில் ரோடு ஒரு பஸ் அகலம்தான். பஸ் வந்தால் நாம் தேயிலைச் செடிக்குள். மலை ரோட்டில் ஏறும் வண்டிக்கு முதல் வழி என்பது நம் வழக்கம். ஹெப்ரிடீஸிலும் பல இடத்தில் ஒற்றை ரோடுதான், ஆனால் வழி விடுவதற்கென்றே ரோட்டை அங்கங்கே அகலப்படுத்தியிருக்கிறார்கள். அது இடப்பக்கம் இருந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக நின்று, வருகிற வண்டியை அதில் ஒதுங்க விட வேண்டும். பின்னால் வருபவரையும் போகவிட வேண்டும். கையை உயர்த்தி நன்றி சொல்வது வழக்கமாம். மஞ்சூர் ரோட்டில் பையன் பஸ் டிரைவருக்குக் கை உயர்த்திப் பார்த்தான். ஆள் ஏற நிற்கிறான் என்று நினைத்து பிரேக் போட்டுவிட்டார்.

கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவும் இறங்க அவனுக்கு ஆசை. மழையில், யானைக் காட்டில், இந்த பிரேக் பேடோடு வேண்டாம் என்றேன். முனகாமல் திரும்பினான். ஒரு மாதத்துக்கு முன் இது நடந்திருக்காது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ஓட்டவில்லை, நாள் கணக்குப் போட்டோம். வடக்கே லூயிஸ், ஹாரிஸில் ஞாயிற்றுக்கிழமையைச் சபை மரபுப்படி ஓய்வுநாளாகக் காப்பார்கள், பெரும்பாலான கடைகள் அடைப்பு. தெற்கே பாரா, தெற்கு யூயிஸ்ட் கத்தோலிக்கத் தீவுகள், அங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை. நான் புதன்கிழமை தொடங்கலாம் என்று எழுதி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கு வேண்டிய ரொட்டியும் பழமும் சனிக்கிழமையே வாங்கிவிடுவதாகத் திட்டம்.

பையன் அழித்துவிட்டு வேறு எழுதினான். வெள்ளிக்கிழமை ஸ்காட்லாந்துக் கரையில் ஓபன் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் பாரா. சனிக்கிழமை வாட்டர்சேயிலிருந்து தொடக்கம், ஞாயிறு தெற்கு யூயிஸ்டில் விழும். லூயிஸுக்குப் போகும்போது வேலை நாள், கடை திறந்திருக்கும். சுமை ஒன்றரைக் கிலோ குறைகிறது.

கடைசியில் ஒரு நாள் சும்மா விட்டிருக்கிறோம், காற்றடித்துக் கப்பல் நின்றால் அதற்கு. நிற்காவிட்டால் ஹாரிஸின் கிழக்குக் கரையில் மேடும் பள்ளமுமான சின்ன ரோடு ஒன்று இருக்கிறது, அதை ஓட்டலாம் என்கிறான். மேற்கே லஸ்கென்டயர் கடற்கரை மணலில் காலை நீட்டி உட்காரலாம் என்பது என் கட்சி. அங்கே போய்ச் சண்டை போட்டுக்கொள்கிறோம்.