பூர்வீக ஊரைத் தேடுதல்: தகரப்பெட்டியிலிருந்து தலைக்கட்டுக் கணக்கு வரை

தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து, பிறகு கொழும்புப் பக்கம் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறிவிட்ட மலையகக் குடும்பங்களில் ‘இந்தியாவில் நமக்கு எந்த ஊர்?’ என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ‘திருச்சிப் பக்கம்’ என்பதுதான். அந்தப் ‘பக்கத்தை’ ஒரு கிராமத்தின் பெயராக்க என்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்பதைக் கொழும்பிலிருந்தே இந்தத் தேடலைச் செய்த அனுபவத்தில் எழுதுகிறோம்.

முதலில் ஓர் ஒப்பீடு. இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் 1820களில் மெக்சிகோவின் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அந்த உறவை வைத்து 2008இல் ரெட்ருத் நகரம் ரியல் டெல் மொன்டேயுடனும், கம்போர்ன் பச்சூக்காவுடனும் இரட்டை நகரங்களாக இணைந்தன. கோர்ன்வாலின் ‘பாஸ்டி’ அங்கே மிளகாய் சேர்ந்த ‘பஸ்தே’யாக இன்றும் விற்கிறது. போனவர்களுடைய ஞானஸ்நானப் பதிவு சொந்த ஊர்த் தேவாலயத்தில் இருந்தது, இறந்தவர்களுக்கு ரியல் டெல் மொன்டேயின் ஆங்கிலேயர் மயானத்தில் கல்லறை இருந்தது. இரண்டு முனையிலும் எழுத்து இருந்ததால் கோடு போடுவது இலகு. நம்மவர் விட்டுவந்த கிராமத்தில் பெரும்பாலும் எந்தப் பதிவும் இல்லை. இங்கே செத்தவர்களைத் தேயிலைக்கு அடியில் புதைத்தோம், கல் நாட்டவில்லை. ஆகவே இந்தப் பக்கத்துக் காகிதங்களிலிருந்துதான் பின்னோக்கிப் போக முடியும்.

ஆனால் நமக்கும் ஒரு வசதி உண்டு. தோட்டத்துக்கு ஆள் திரட்டிக் கூட்டிவந்த கங்காணி தன் சொந்த ஊரிலும் உறவிலும்தான் ஆள் கட்டினார். ஒரே கங்காணியின் ஆட்கள் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தார்கள். அதனால் தேடலை உங்கள் குடும்பத்தோடு நிறுத்தாதீர்கள். அடுத்த காம்பராக்காரர் வீட்டுக் காகிதத்தில் உங்கள் ஊரின் பெயர் இருக்கலாம்.

வீட்டுத் தகரப்பெட்டியில் தொடங்குங்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 10 வருடம், திருமணமானவர் என்றால் 7 வருடம், இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தின் பிரதி கிடைத்தால் எந்தெந்தத் தோட்டத்தில் எந்தக் காலம் இருந்தார்கள் என்ற வரிசை கிடைத்துவிடும். தோட்டத்தை விட்டு விலகும்போது கொடுத்த பற்றுச்சீட்டும் அப்படித்தான். தோட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொன்றாகக் கொடுத்த பழைய தகரவில்லை ஒன்று இருந்தால் பலர் அதில் சொந்த ஊர் இருக்கும் என்று நம்புகிறார்கள். அதிலுள்ள எழுத்து இலங்கை மாவட்டத்தையும், எண் தோட்டத்தையும் குறிக்கும். போய்ச் சேர வேண்டிய இடம்தான் அது, புறப்பட்ட இடமல்ல.

எல்லாவற்றையும்விடப் பயன்தருவது நாட்டுக்கு, அதாவது இந்தியாவுக்கு, திரும்பிப் போனவர்களின் கடவுச்சீட்டு. 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் கைச்சாத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி நம்மவரில் 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றானது. போனவர்களின் இந்தியக் கடவுச்சீட்டிலும், அவர்கள் போய் இறங்கிய தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையிலும் சொந்த ஊர் விபரத்தைத் தேடுங்கள். தாத்தாவின் அண்ணனோ தங்கையோ கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருந்தால், அவர்கள் பிள்ளைகளிடம் அட்டையின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பக்கம் மட்டும் போதாது. பெயர் வரிசையும் வயதும் உள்ளே இருக்கும்.

அடுத்தது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். தலைமைக் காரியாலயமான பதிவாளர் நாயகத் திணைக்களம் பத்தரமுல்லையில் இருந்தாலும், பிரதியைப் பிறப்புப் பதிவான பிரிவின் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பதிவிலக்கமும் திகதியும் தெரிந்தால் இலகுவாகக் கிடைக்கும். தெரியாவிட்டால் ஒரு காலப்பகுதியைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். பெரியவர்களின் வயது அடையாள அட்டையில் ஊகமாக எழுதப்பட்டிருக்கும். எனவே அந்த வருடத்தை மட்டும் கேட்காமல் முன்பின் இரண்டு மூன்று வருடங்களையும் சேர்த்துக் கேளுங்கள். ‘பதிவில் இல்லை’ என்று பதில் வந்தால் தகப்பன் பெயரின் மாற்று எழுத்துகளோடு திரும்பவும் விண்ணப்பியுங்கள். முத்துசாமி, முத்துச்சாமி, முத்து என்று மூன்றாகவும் எழுதியிருப்பார்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் ‘பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்ட கேள்விதான் அது. நம்மவர் பத்திரங்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு இழுத்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து மனம் சோர வேண்டாம், ஆனால் அதையே சாட்சியாகவும் எடுக்க வேண்டாம். பாட்டன் இந்தியாவில் பிறந்ததாலும் கோடு விழும், சொல்ல ஆளில்லாததாலும் விழும். தகப்பன் பிறந்த இடம் என்ற கட்டமே முக்கியம். அதில் ‘இந்தியா’ என்று மட்டும் இருந்தால், மூத்த சகோதரர்களின் பத்திரங்களையும் எடுங்கள். தகவல் கொடுத்தவர் மாறினால் விபரமும் மாறும். ஒருவர் ‘இந்தியா’ என்றதை இன்னொருவர் ‘முசிறி’ என்று சொல்லியிருப்பார்.

ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயரைத் தமிழுக்கு மீட்பதுதான் பொறுமையான வேலை. ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாகிவிடும். த, ட இரண்டும் ஒன்றாகும், நெடில் குறிலாகும். ‘கிலபட்டி’ என்று வாசிக்கக் கூடியது கீழப்பட்டியாக இருக்கலாம், கிள்ளுப்பட்டியாகவும் இருக்கலாம். சாத்தியமான எல்லா வடிவங்களையும் தாளில் எழுதி, வீட்டில் வயதானவரிடம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள். அப்பாயி வாயில் அந்தப் பெயர் எப்படி ஒலித்தது என்பது அவர் காதில் இருக்கும். நீங்கள் முதலில் ஒரு பெயரைச் சொல்லி ‘இதுதானே?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்றுவிடுவார். அப்படிக் கேட்கக் கூடாது.

மாவட்டப் பெயரும் ஏமாற்றும். நாமக்கல் 1910 வரை திருச்சி ஜில்லாவில் இருந்து, பிறகு சேலத்துக்குப் போய், 1997இல் தனி மாவட்டமானது. புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம், பின்பு திருச்சியோடு சேர்ந்தது, 1974இல் தனியானது. கரூரும் பெரம்பலூரும் 1995இல் பிரிந்தன. சிவகங்கையும் விருதுநகரும் 1985 வரை இராமநாதபுரம். ஆகவே 1950களின் பத்திரத்தில் ‘திருச்சி’ என்றிருந்தால் இன்றைய நான்கைந்து மாவட்டங்களில் தேட வேண்டும். இந்தியக் குடிசன மதிப்பின் 1951, 1961 மாவட்டக் கைநூல்களில் தாலுகா வாரியாகக் கிராமப் பட்டியல் இருக்கிறது. அதை எடுத்து, தமிழ்நாட்டு அரசின் பட்டா, சிட்டா (நில உரிமைப் பதிவுகள்) இணையச் சேவையில் வரும் வருவாய்க் கிராமப் பெயர்களோடு ஒப்பிடுங்கள். குக்கிராமங்கள் அதில் தனியாக வராது, தாய்க்கிராமத்துக்குள் அடங்கியிருக்கும். ‘இல்லை’ என்று முடிவுகட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

தோட்டம் எது என்பதில் குழப்பம் என்றால், கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள். வாசகர் அனுமதி பெற அடையாள அட்டை வேண்டும். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள். அங்குள்ள பேர்குசன் டிரெக்டரிகள் என்ற பழைய ஆங்கில விபரப் புத்தகங்களில் தோட்டங்களின் பெயரும் மாவட்டமும் பரப்பும் இருக்கும். நம்மவர் தோட்டத்துக்கு வைத்த தமிழ்ப் பெயர் வேறு, துரைமார் பெயர் வேறு என்பதால், இரண்டையும் தெரிந்த ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சமாகும்.

காகிதம் முடிந்த இடத்தில் சாமி தொடங்கும். குலதெய்வம் எது, வருடத்தில் எப்போது படையல், கிடா வெட்டா சைவமா என்று கேட்டு எழுதுங்கள். மாரியம்மன், முனியாண்டி என்றால் எல்லா ஊருக்கும் பொருந்தும். ரோதைமுனியும் கவ்வாத்துசாமியும் தோட்டத்திலேயே பிறந்த சாமிகள், ஊரைக் காட்டமாட்டார்கள். அபூர்வமான பெயரோடு ஓர் அம்மனோ கருப்போ இருந்தால் அதுதான் துப்பு. சொந்த ஊர்க் கோவிலிலிருந்து பிடிமண் (ஒரு பிடி மண்) எடுத்துவந்து வைத்த கோவில் என்றால், எந்த ஊர்ப் பிடிமண் என்று கோவில் தலைவர் வீட்டில் கேளுங்கள். தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்து வழிவழியாக நடந்திருந்தால் மணப்பாறை, வீரப்பூர்ப் பக்கத்தை முதலில் பாருங்கள்.

ஊருக்குப் போகும் நாளை மகா சிவராத்திரிக்கு வையுங்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. தென்மாவட்டங்களில் அன்றைக்குப் பங்காளிகள் எல்லாரும் குலதெய்வக் கோவிலில் கூடுவார்கள். பூசாரியிடமோ நாட்டாமையிடமோ தலைக்கட்டு வரிக் கணக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோவிலுக்குக் கொடுக்கும் வரியின் கணக்கு, இருக்கும். சிலோனுக்குப் போன வகையறா எது என்பது வரி விட்டுப்போன பெயர்களில் தெரியும். வாசலில் நிற்கும்போதே ‘நிலம் கேட்டு வரவில்லைங்க, சாமி கும்பிட வந்தோம்’ என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் பட்டா, சர்வே நம்பர் என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் போவது மறுநாள் வேலை.

பெயர் வித்தியாசங்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த ஊர், தாலுகா, குலதெய்வம், கங்காணியின் பெயர், லயத்தின் இலக்கம் ஐந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். அந்த லயத்திலிருந்து கொழும்புக்கு வந்த மற்றக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுங்கள்.