ராபர்ட்ஸ் துரையும் பட்டாளத்தார் வீடும்

திருவையாறு பக்கம் எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர். தாத்தா ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அதனாலோ என்னவோ, ஆங்கிலேயத் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை.

மனிதரின் தைரியத்தில் குறை சொல்ல முடியாது. 1858 ஜனவரி 2, வடக்கே ஃபதேகர் அருகில் குதாகஞ்ச். 25 வயது லெப்டினன்ட். கிளர்ச்சிச் சிப்பாய்கள் இரண்டு பேர் கொடியோடு போவதைத் தூரத்தில் பார்த்துக் குதிரையை விரட்டுகிறார், ஊருக்குள் நுழையும் இடத்தில் அவர்கள் திரும்பித் துப்பாக்கியை நீட்ட, ஒருவன் விசையை இழுத்தும் குண்டு வெடிக்கவில்லை, கொடி இவர் கைக்கு வந்துவிட்டது. அன்றைக்கே, பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) நின்ற இன்னொரு சிப்பாயிடம் மாட்டிக்கொண்டிருந்த ஓர் இந்தியக் குதிரை வீரரையும் காப்பாற்றினார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. தகுதியான பதக்கம்தான். ஆனால் அந்தக் குதிரை வீரர் என்ன சாகசம் செய்திருந்தாலும் அது அவருக்குக் கிடைத்திருக்காது. 1911 வரை இந்தியச் சிப்பாய்க்கு விக்டோரியா கிராஸ் கிடையாது.

அப்புறம் 1880இல் ஆப்கானிஸ்தானில் 10,000 பேரோடு காபூலிலிருந்து காந்தகாருக்கு மூன்று வாரத்தில் 300 மைலுக்கு மேல் நடந்து பெரும்புகழ். மறு வருஷமே மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. இங்கே வந்து நம் ஆட்களைப் பார்த்தவர், நீண்ட அமைதியும் பாதுகாப்பும் செழிப்பும் இவர்களை மென்மையாக்கிவிட்டன, இனி போருக்கு ஆக மாட்டார்கள் என்று முடிவு கட்டினார். தன் வரலாற்றிலும் அப்படியே எழுதி வைத்தார். செழிப்பு! காவிரித் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு இந்த ஒரு சொல் போதும், சுருக்கென்று தைக்கும். 1885இல் இந்தியா முழுமைக்கும் தளபதியானார். படிப்படியாக நம் பக்கத்தில் ஆள் எடுப்பது குறைந்து, மெட்ராஸ் படைகள் சிலவற்றில் பஞ்சாபியர்களே நிரம்பினார்கள்.

1841 மே மாதம் சீனாவில், கான்டன் பக்கம், 37வது மெட்ராஸ் காலாட்படையின் 60 பேர் வழி தவறி, ஆயிரக்கணக்கான கூட்டத்துக்கு நடுவில் சிக்கினார்கள். கொட்டுகிற மழையில் மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. சதுரமாக அணிவகுத்து, வெறும் பயனெட்டை நீட்டிக்கொண்டு, உதவி வரும்வரை நின்றார்கள். நாற்பது வருஷத்தில் இதை மறந்துவிட முடியுமா? நனைந்த துப்பாக்கியோடு நிற்பது எப்படி இருக்கும் என்பது, வெடிக்காத துப்பாக்கிக்கு முன்னால் நின்று பிழைத்தவருக்குத் தெரியாதா?

தாத்தா ராபர்ட்ஸ் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்னதெல்லாம் தங்கள் படையின் சுபேதார் சுப்ரமணியன் கதைதான். 1944 பிப்ரவரி, இத்தாலி. கண்ணிவெடி வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் மற்றவர்களைக் காப்பாற்ற அதன்மேலேயே விழுந்தவர். இறந்தபிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். தாத்தா நாளெல்லாம் நாற்றங்காலில் நின்றுவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்திருப்பார். இந்த இடம் வரும்போது மட்டும் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.