நண்பகலில் புங்கங்கன்று: எடை போட்டுப் பார்த்தது

பிளாஸ்டிக் பைச் சோதனையை இத்துடன் நிறுத்திவிட்டேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் புங்க மரத்தின் ஒரு கொத்தைப் பைக்குள் விட்டுக் கட்டினால், சற்று நேரத்தில் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்கிறது. இலை நீராவி விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இது போதும். எவ்வளவு விடுகிறது என்பதற்கு உதவாது. பைக்குள் காற்று அசையாது. ஈரம் நிறைந்ததும் வெளியேற்றம் தானாகக் குறைந்துவிடும்.

ஆங்கிலேய அறிவியலாளர் ஸ்டீபன் ஹேல்ஸ் 1727-இல் எழுதிய வழியே மேல். சூரியகாந்தித் தொட்டியின் வாயை மூடிவிட்டுக் காலையும் மாலையும் எடை போட்டார் அவர். நான் மொட்டை மாடியில் இடுப்பளவு புங்கங்கன்றை, மண்ணைப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டி, மணிக்கொரு முறை தராசில் வைக்கிறேன். குறைவதெல்லாம் இலை வழியே போன நீர்தான்.

ஏப்ரல் காலை ஏழு மணிக்கு 22 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். பிற்பகல் இரண்டுக்கு 34 டிகிரி, 25 சதவீதம். கணக்குப் போட்டால் காற்றின் நீராவிப் பற்றாக்குறை, அதாவது காற்று நிறைய இன்னும் எவ்வளவு நீராவி வேண்டும் என்பது, அரை கிலோபாஸ்கலிலிருந்து நாலுக்கு ஏறியிருக்கிறது. அப்படியானால் இரண்டு மணிக்குத்தானே எடை அதிகம் குறைய வேண்டும்? இல்லை. பத்திலிருந்து பதினொன்று வரை 38 கிராம். ஒன்றிலிருந்து இரண்டு வரை 21 கிராம்தான். தொட்டி மண்ணில் ஈரம் இருந்தும் இப்படி!

காரணம் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் செலோடேப்பால் உரித்து, இலையின் அச்சு பதிந்த அந்தப் படிவத்தை நுண்ணோக்கியில் வைத்தேன். காலைப் படிவத்தில், நீராவி வெளியேறும் ஒவ்வொரு இலைத்துளைக்கும் இருபுறம் இரண்டு அவரை விதை போன்ற செல்கள், நடுவே தெளிவான இடைவெளி. இரண்டு மணிப் படிவத்தில் துளைகள் மூடி, பெரும்பாலும் வெறும் கோடு. காற்று எவ்வளவு இழுத்தாலும் கன்று தன் நீரை விட்டுக்கொடுக்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்தபோது மெய்சிலிர்த்தது.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். அந்த 38 கிராம் எடுத்துக்கொண்ட வெப்பம் ஒரு லிட்டர் நீரை 22 டிகிரி சூடாக்கும். புங்க நிழல் குளிர்வதில் இதற்கும் பங்குண்டு.

தனிக் கன்றின் கணக்கை முழு மரத்துக்கு அப்படியே பெருக்க முடியாது. அடர்ந்த தழைக்குள் இலைகளே தம்மைச் சுற்றிய காற்றை ஈரமாக்கிக்கொள்கின்றன. அங்கே வெயில்தான் அளவைத் தீர்மானிக்கும். காற்று வீசி உள்ளும் வெளியும் கலந்தால் துளைகளின் பிடி ஓங்கும். இந்த இரண்டில் எதன் கை எவ்வளவு ஓங்கியது என்பதை ஜார்விஸ், மெக்நாட்டன் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு எண்ணாகவே வகுத்துத் தந்தார்கள். அடுத்து, இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து தழைக்குள் ஓர் ஈரமானி, வெளியே ஒன்று. கம்பியும் கயிறும் வாங்கி வைத்துவிட்டேன்.