தை அமாவாசையிலிருந்து பூசம் வரை: மகளின் கேள்விகள்

18 ஜனவரி 2026, ஞாயிறு, காத்ர் போர்ன், மொரிசியசு

தை அமாவாசைப் படையலுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் விளையாடிய ஐந்து வயது மகள் தன் நிழலைக் காணவில்லை என்று ஓடி வந்தாள். மொரிசியசு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் இருப்பதால், நவம்பர் பிற்பகுதியிலும் ஜனவரி பிற்பகுதியிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த ஜனவரி நாட்களில் அந்த உச்சிவேளை நம் கடிகாரத்தில் 12.20 மணியை ஒட்டி அமைகிறது. இதை இப்படியே சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து போய்விடுவாள் என்பதால், "நிழலின் மேல்தான் நிற்கிறாய், காலைத் தூக்கிப் பார்" என்று மட்டும் சொன்னேன். தூக்கினாள், பாதத்துக்கடியில் கறுப்பாக இருந்தது. பிறகு துடைப்பம், மூங்கில், பாட்டியின் குடை என்று ஒவ்வொன்றாக வெயிலில் நிறுத்திப் பார்த்து, குடைக்கு மட்டும் நிழல் இருக்கிறது, குச்சிகளுக்கு இல்லை என்று தானே கண்டுபிடித்தாள்.

இரவில் நிலா எங்கே என்ற கேள்வி வந்தது. அது சூரியனுக்குப் பக்கத்திலேயே பகல் முழுவதும் வானில் இருந்து, சூரியனோடு சேர்ந்தே மறைந்துவிட்டது என்றேன். "அப்படியானால் மத்தியானம் என் தலைக்கு மேலே இரண்டு பேரும் இருந்தார்களா?" இருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் அமாவாசை விரதம் இருந்தும் நான் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

23 ஜனவரி, வெள்ளி

காவடி விரதம் தொடங்கியாயிற்று. வீட்டில் மீன் ஏன் இல்லை என்று கேட்டவளைப் பாட்டியிடம் அனுப்பினேன். "முருகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்" என்றார் பாட்டி. அதற்குமேல் கேள்வி இல்லை.

25 ஜனவரி, ஞாயிறு

கியூர்பீப்பில் உறவினர் வீட்டிலிருந்து இரவு எட்டரை மணிக்குக் காரில் திரும்புகையில், மேற்கு வானில் ஏறக்குறையப் பாதி நிலா இருந்தது. "கிஃபேர்? அது ஏன் நம் கூடவே வருகிறது?" என்று பின் இருக்கையிலிருந்து குரல். அவளுடைய கேள்விகள் எல்லாம் இவ்வூர்ப் பேச்சுமொழியான கிரியோலில்தான் தொடங்கும். நான் தமிழில் பதில் சொல்வேன். இருவரும் நடுவழியில் எங்கோ சந்தித்துக்கொள்வோம்.

வெளியே எவையெல்லாம் ஓடுகின்றன என்று பார்க்கச் சொன்னேன். விளக்குக் கம்பங்கள் வேகமாகவும், கரும்புத் தோட்டத்துக்கு அப்பாலுள்ள வீடுகள் மெதுவாகவும், கோர் தெ கார்த் மலை இன்னும் மெதுவாகவும் பின்வாங்கின. நிலவோ ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், நாங்கள் கடந்த பத்துக் கிலோமீட்டர் அதன் திசையைச் சிறிதும் மாற்றவில்லை. எண்ணை அவளிடம் சொல்லவில்லை. "மலையைவிடத் தூரமா?" என்று அவளே கேட்டாள். "நிலா நம்மைப் பார்க்க வருகிறது" என்று கொஞ்சிச் சொல்லும் பெரியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு குழந்தை அடுத்த கேள்விக்குப் போக முடியாது.

31 ஜனவரி, சனி

மாமாவின் காவடிக்குப் பூக் கட்டும் வேலை நள்ளிரவுவரை நீண்டது. பூசம் எப்படி முழு நிலா நாளிலேயே வருகிறது என்று கேட்டது மகள் அல்ல, அவளுடைய கேள்விப் பழக்கம் தொற்றிக்கொண்ட என் தம்பி. தை மாதத்தில் சூரியன் மகரத்தில் நிற்கிறது. பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்புறம் நிற்க வேண்டுமாதலால் கடகத்தில் இருக்கும். பூசம் கடகத்து நட்சத்திரம். பஞ்சாங்கம் சொல்வதும் வானத்தில் நடப்பதும் அங்கே ஒன்றுதான்.

மகளுக்காக அறையை இருட்டாக்கி மேசைவிளக்கை ஏற்றி, காவடிக்கு வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். விளக்கு சூரியன், பழம் நிலா, அவள் தலைதான் பூமி. கையை நீட்டியபடி தன்னைத்தானே சுற்றினாள். விளக்கின் பக்கம் பிடித்தபோது அவளுக்குத் தெரிந்த பாதி இருண்டு அமாவாசையாயிற்று. பக்கவாட்டில் பாதி ஒளி. விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றதும் தலையின் நிழல் விழுந்து பழம் முழுவதும் மறைந்தது. "முழு நிலா எங்கே?" என்று அழாத குறையாகக் கேட்டாள். கையைச் சற்று உயர்த்தச் சொன்னேன், பழம் பளிச்சென்றது. நிலவின் பாதை சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதால்தான் மாதந்தோறும் கிரகணம் நேர்வதில்லை என்பதை அவள் கையே சொல்லிவிட்டது.

1 பிப்ரவரி, ஞாயிறு, தைப்பூசம்

இவ்வாண்டு பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்ததில் அலுவலகம் போகிறவர்களுக்கு வருத்தம். கோயில் மலையின் படிகளில் வெயில் சுட்டது. வேல் குத்தினால் வலிக்காதா என்று மகள் வழியெல்லாம் கேட்டாள். வலிக்காது என்று சொல்ல நான் யார்? ஏழு கறியோடு சாப்பிட்டு முடித்தபின் மாமாவிடமே கேட்கச் சொன்னேன். "வலிக்கும் அம்மா, நடக்கத் தொடங்கினால் குறையும்" என்றார் அவர். அவள் அவருடைய கன்னத்தில் துளையைத் தேடினாள்.

மாலையில் கிழக்கே நிலா எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை, திரும்பி நின்று சூரியன் மேற்கே இறங்குவதைச் சரிபார்த்தது. நாளையும் இதே நேரத்தில் வருமா என்று கேட்டாள். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பிந்தி வரும் என்றேன். உடனே ஏன் என்றாள். ஒரு நாளில் நிலா பன்னிரண்டு, பதின்மூன்று பாகை கிழக்கே நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்கப் பூமி இன்னும் கொஞ்சம் சுழல வேண்டும். வாங்கிய எலுமிச்சம்பழங்கள் எல்லாம் காவடியோடு கோயிலுக்குப் போய்விட்டன. நாளைக்கு ஒன்று வாங்க வேண்டும்.