விசுவாசம் பத்தலை என்றார்

வலி மாத்திரையை மறுத்துக்கொண்டிருந்த நோயாளி, மூன்றாம் நாள் இரவு ஒரு மணிக்கு அவரே பெல் அடித்துக் கூப்பிட்டார். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், எனக்கு விசுவாசம் பத்தலை. அந்த மாத்திரையைக் கொடுத்துருங்க" என்றார். கொடுத்தேன். வறண்ட நாக்கில் மாத்திரை ஒட்டிக்கொண்டது. இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்ட பிறகுதான் இறங்கியது. அவர் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை.

மாத்திரையைக் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதி எனக்கு. அது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

இரண்டு நாள் முன்னால், அதே நைட் டூட்டியில், பிரஷர் பார்க்கப் போனபோது வேதாகமத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். யாத்திராகமம் 15. "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்ற 26-ஆம் வசனத்தின் கீழே பென்சில் கோடு. "நீங்களும் விசுவாசிதானே சிஸ்டர், என்னைக் குணமாக்குவாரா?" என்று கேட்டார். "நிச்சயம் குணமாக்குவார் ஐயா" என்றேன். புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது எனக்குத் தெரியும். இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர் வீட்டாரிடம் பேசியதும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

காலை ஆறு மணி மருந்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குணமாக்குறவர் இருக்கும்போது இது எதுக்கு? நீங்களே சொன்னீங்களே."

அது மார்ஃபின், கடும் வலிக்கான மருந்து, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை போகவேண்டியது. ஒரு வேளை தவறினாலே வலி முந்திக்கொள்ளும், அப்புறம் அதை எட்டிப் பிடிப்பது கஷ்டம். அவர் இரண்டு நாள் முழுக்கத் தவறவிட்டார். கேஸ் ஷீட்டில் "நோயாளி மருந்து மறுத்தார்" என்று எழுதினேன். ஏன் மறுத்தார் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் என் வார்த்தையைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

சபையிலிருந்து வந்தவர்கள்மேல் பழியைப் போட ஒரு நாள் முழுக்க முயன்றேன். ஆனால் அவர்கள் யாக்கோபு நிருபத்தில் சொல்லியிருக்கிறபடி எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். மருந்தை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. கர்த்தர் குணமாக்குகிறவர் என்பதை முழு மனதாக நம்புகிறேன். சங்கீதம் 147 அவர் நொறுங்குண்ட இருதயத்தைக் குணமாக்குகிறார் என்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்திலும் ஜனங்கள் ஆரோக்கியமடைய ஜீவவிருட்சத்தின் இலைகள் இருக்கின்றன. குணம் என்பது இந்த உடம்போடு முடிகிற காரியம் இல்லை. எல்லாம் சரி. ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கிறவர் எந்தக் குணத்தைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? அவர் ஒன்றைக் கேட்டார், நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் சொன்னேனா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாமல் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் இரவு எசேக்கியா ராஜாவின் கதையைச் சொல்லிப் பார்த்தேன். குணமாக்குவேன், ஆயுசில் 15 வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி ராஜாவின் பிளவைக் கட்டியின்மேல் போடவைத்தாரே ஐயா, அதுவும் மருந்துதானே, பரிகாரி என்றாலே வைத்தியர்தானே என்றேன். கண்ணை மூடியபடி கேட்டார். "அது அவருக்குச் சொன்னது சிஸ்டர். எனக்கு அத்திப்பழம் சொல்லலியே." வலியில் மேலுதடு வேர்த்திருந்தது. பஞ்சால் துடைத்தேன்.

மூன்றாம் இரவு நான் சொல்லியிருக்க வேண்டியது வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. பிள்ளைக்காக வந்த தகப்பன் மாற்கு 9-இல் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். போதாது போ என்று இயேசு அவனை அனுப்பிவிடவில்லை. பிள்ளை எழுந்து நிற்கிறான். அப்போஸ்தலன் பவுலின் மேலிருந்து கொண்டுபோன உறுமால்கள், அதாவது கைக்குட்டைகள், பட்டே வியாதிக்காரர்கள் சுகமானார்கள் என்கிறது அப்போஸ்தலர் 19. அதே பவுல் தன்னோடு ஊழியத்துக்கு வந்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியாய் விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஒரே வரி. அவனுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு சொல் இல்லை. இதைச் சொல்லியிருந்தால் போதும். இல்லை, இவ்வளவுகூட வேண்டாம். "ஐயா, நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், உங்க விசுவாசத்துல குறை இல்லை" என்றால் போதும். அதற்கப்புறம் இருந்த ஒன்பது நாளில் எத்தனையோ தடவை அந்தக் கட்டிலருகே நின்றேன். வலி அடங்கி நன்றாகத் தூங்கினார். எழுப்பிக் கிளற வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன். அது அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டால் பதில் இல்லை.

அவர் போன பிறகு மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன வார்த்தைதான் அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் பலம்" என்றார். அவர் மகளிடம் சொன்னது உண்மையா, என்னிடம் சொன்னது உண்மையா? இரண்டும்தானோ என்னவோ. மகளிடமும் நான் எதையும் திறக்கவில்லை.

இனி யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன். ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொன்னால் போதும், மற்றது டாக்டர் பாடு. போன மாதம் ஒரு அம்மா, கிட்டத்தட்ட அதே நிலை, என் விரலைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். "குணமாக்குவார்மா" என்றுதான் வாயில் வந்தது. சொல்லிவிட்டு, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வாயைத் திறந்து விழுங்கும்வரை அங்கேயே நின்றேன்.