மழைக்காட்டில் ஓர் இரவு தங்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

சாலை முடிந்து ஆறும் ஒற்றையடிப் பாதையும் மட்டும் மிஞ்சும் இடத்தில்கூட நிலத்துக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். ஆளில்லாத காடு, எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள்.

பாப்புவா நியூ கினியில் ஏறக்குறைய 97 சதவீத நிலம் குலங்களின் மரபுவழி உரிமை. அரசாங்கத் தாள் மட்டும் அங்கே உதவாது. ஊர்ப் பெரியவர்களை நேரில் பார்த்து, கட்டணம் பேசி, அவர்கள் காட்டும் இடத்தில்தான் படுக்க வேண்டும். ஒரு மலைமுகட்டைத் தாண்டினால் அடுத்த குலத்தின் நிலம் தொடங்கலாம். மறுபடியும் கேட்க வேண்டும். இதை அறிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கிளம்பவே கூடாது.

பிரேசிலில் பழங்குடி நிலங்களுக்குள் நுழைய ஊராரின் சம்மதம், ஃபுனாய் என்ற அரசு அமைப்பின் அனுமதி இரண்டுமே தேவை. படகுக்காரர் "தலைவரைத் தெரியும், வாங்க" என்று சொன்னால் நம்பிப் போகாதீர்கள். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. வெளியுலகத் தொடர்பே இல்லாத மக்களுக்கு நம் சாதாரண சளிக்காய்ச்சலை எதிர்க்கும் சக்தி கிடையாது. ஒருவர் தும்மினாலே ஊர் முழுக்க நோய் பரவி உயிர்கள் போகலாம். அத்தகைய மக்கள் வாழும் பகுதிகள் பெருவிலும் உண்டு. அங்கே போக வழி தேடுவதே தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்தோனேசியாவில் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு 'சிமாக்சி' என்ற நுழைவுச் சீட்டைப் பூங்கா அலுவலகத்தில் வாங்க வேண்டும். அந்நாட்டைச் சேர்ந்த பாப்புவா பகுதியின் உட்புறத்துக்குப் போகும் வெளிநாட்டவர் காவல்துறையிடம் 'சூரத் ஜாலான்' என்ற பயணக் கடிதமும் பெற வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் நகல், புகைப்படங்கள் இரண்டையும் கூடுதலாகவே வைத்திருங்கள். பலரும் சறுக்குவது அந்தக் கடிதத்தில் ஊர்ப் பெயர்களை எழுதும்போதுதான். எழுதாத ஊருக்குள் போனால் திருப்பி அனுப்புவார்கள். போகக்கூடும் என்று தோன்றும் இடத்தையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

கோஸ்டா ரிகாவின் கோர்கோவாடோ தேசியப் பூங்காவில் 2014 முதல் சான்று பெற்ற வழிகாட்டி கட்டாயம். ஆஸ்திரேலியாவின் ஹிஞ்சின்புரூக் தீவில் 32 கிலோமீட்டர் தோர்ஸ்போர்ன் பாதையில் ஒரே சமயத்தில் 40 பேருக்குத்தான் இடம். குளிர்ந்த மாதங்களுக்குப் பல மாதம் முன்பே முன்பதிவு செய்தாக வேண்டும். அங்கே விறகுத் தீ மூட்டக் கூடாது, அடுப்பு மட்டுமே. எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால் அதை எங்கே வாங்குவது என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பழைய அடுப்பில் எரிபொருள் வாடை இருந்தால் அதையும் விமானத்தில் மறுத்துவிடலாம். நன்றாகக் கழுவி உலர்த்துங்கள்.

அனுமதி கிடைத்த பிறகு இடம் பார்க்கும்போது முதலில் தலைக்கு மேலே பாருங்கள். இலை உதிர்ந்த பட்ட கிளை இருந்தால் அந்த மரத்தடி வேண்டாம். நனைந்து கனத்தால் காற்றே இல்லாமலும் விழும். மணல் திட்டு கண்ணுக்கு அழகுதான், ஆனால் மலையின் மேல்பக்கம் மழை பெய்தால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறிவிடும். முதலைகள் உள்ள குயின்ஸ்லாந்தில் நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, உச்ச நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே தங்கச் சொல்கிறார்கள். தரை நனையும் காட்டில் கூடாரத்தைவிடக் கொசுவலையுள்ள தூளிப்படுக்கையே மேல். அதை அகலமான நாடாவால் கட்டினால் மரப்பட்டை அறுபடாது. கம்பு வெட்டாதீர்கள், பல பூங்காக்களில் அது குற்றம்.

மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளுக்குப் போவதென்றால் குறைந்தது 10 நாள் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

காட்டிலிருந்து வெளியே வந்ததும், நுழையும்போது எங்கே பெயர் எழுதினீர்களோ அங்கே வந்துவிட்டதாகச் சொல்லுங்கள். சொல்லாமல் பேருந்து ஏறிவிட்டால், உங்களைத் தேடிக் காவலர்கள் இருட்டில் காட்டுக்குள் இறங்குவார்கள்.